சூலையும் ஊழும்

பிணியுற்றார் மருந்து நாடுதல் சித்தாந்தக் கொள்கைக்கு முரணாகுமோ என்னும் வினாவை, சென்ற கார்த்திகைத் திங்களில் நெடுநாள் நண்பர் ஒருவர் என் கட்டிலின் அருகிருந்து எழுப்பினார். அவர் மெய்கண்ட சாத்திரம் பதினான்கினையும் முறையாகப் பாடங் கேட்டவர், என்பால் மெய்யன்புடையவர். "பிராரத்தம் நுகர்ந்தே கழியற்பாலது என்று நாற்பது ஆண்டாகப் பிறர்க்குச் சொல்லிவந்த தாங்கள், நாள் ஒன்றுக்கு ஒன்பது மாத்திரை விழுங்குவது எங்ஙனம் பொருந்தும்?" என்றார். நகைத்துக்கொண்டே வினாவினாராயினும், வினா நகைத்து விடுதற்குரியதன்று. அன்று விடை கூறவொட்டாது வயிற்றில் வலி நின்றது. இதுபோழ்து அது சிறிது தணிந்திருத்தலின் எழுதத் துணிந்தேன்.

நோயின் இயல்பினை முதற்கண் சொல்லிவிடுதல் நன்று. நம் சிறுகுடல் ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுடையது. அது வயிற்றினுள் கட்டற்றுக் கிடப்பதன்று. விசிறி போன்று மடிந்த சவ்வொன்று அதனை முதுகுப்புறச் சுவரொடு பிணித்து நிற்கின்றது. அவ்விசிறியின் காம்பு 15 சென்டிமீட்டர் அளவினதே; விரிந்த ஓரமோ சிறுகுடலின் பெரும்பகுதியைத் தாங்குவது. குருதிக்குழாய்களும் நரம்புகளும் அதனூடு சென்றே குடலை அடையும். அவற்றைச் சூழக் கொழுப்பு நிரம்பியிருக்கும். இக்கொழுப்புக் காரணம் புலப்படாது அழன்று, நாளடைவில் தழும்பெனத் தடித்து இறுகுவதே எனக்கு வந்த பிணி. ஆங்கில மருத்துவர் இதனை 'ஸ்கிளிரோசிங் மெசென்டரைட்டிஸ்' என வழங்குவர். இத்தாலி நாட்டு மருத்துவர் யூரா என்பார் 1924-இல் இதனை எழுதிவைத்தார். கிரீட் தீவில் வயிற்றைச் சி.டி. படம் எடுத்துக்கொண்ட 7,620 பேரை ஆராய்ந்து 2000-இல் வெளியிட்ட கணக்கில், 49 பேரிடத்தே இதன் குறி காணப்பட்டது. குறி உடையார் பலர் யாதொரு துன்பமும் அறியாதே வாழ்நாள் கழிப்பதும் உண்டு. குடலையும் குழாய்களையும் நெரிக்குமாறு அஃது இறுகப்பெற்றார்க்கே பெருந்துன்பம். அவருள் யானும் ஒருவனாயினேன்.

61-ஆம் வயதில் ஒருநாள் இரவு உந்தியைச் சூழ்ந்து வலி தோன்றியது. பக்கத்து ஊர் மருத்துவர் குடற்புண் என்றார். நம் சித்த மருத்துவர் குன்மம் என்று நாடி பார்த்துக் கூறி இலேகியம் தந்தார். சில நாள் சுகமாகவே இருந்தது. பின் சோறு செல்லவில்லை, உண்டதும் வெளிப்பட்டது, 68 கிலோ இருந்த உடம்பு 51 ஆயிற்று. ஓரிடத்தில் இது வயிற்றுக் காசநோய் என்று கொண்டு ஆறு மாதம் அதற்குரிய மருந்து கொடுத்தனர். அவர்மேற் குறை சொல்லுதற்கில்லை. நம் நாட்டில் அந்நோயே பெருவரவிற்று, என் நோயோ அருவரவிற்று. முடிவில் பெருநகர் ஒன்றில், வயிற்றிற் சிறு துளையிட்டுத் தசைத்துணுக்கு எடுத்துப் பார்த்து, புற்றும் அன்று காசமும் அன்று எனத் தெளிந்து, நோய்க்குப் பெயரிட்டனர். வலி தோன்றிப் பதினான்கு மாதங் கழித்தே பெயர் கிடைத்தது. பெயரறியாத துன்பத்திற்கும் பெயரறிந்த துன்பத்திற்கும் இடையே உள்ள வேறுபாடு, பட்டார்க்கன்றிப் புலனாகாது. என் மகளினும் இளையரான அம்மருத்துவர், "ஐயா, இது தீருமா என்று கேளாதீர்கள், அடங்குமா என்று கேளுங்கள். அடக்கிப் பார்ப்போம்" என்றார்.

மருந்தாவன, நாளும் 40 மில்லிகிராம் பிரெட்னிசொலோனும், தமாக்சிபென் என்பதொன்றும். பின்னது மகளிர்க்கு மார்பிற் புற்றுநோய் வந்துழிக் கொடுப்பது. தழும்பு பெருகுதலை இஃது அடக்குமென்று கண்டு என் நோய்க்கும் வழங்குகின்றனர். அமெரிக்க நாட்டு மேயோ மருத்துவமனையார் 92 நோயாளரின் வரலாற்றை 2007-இல் வெளியிட்டனர். அவருள் இவ்விரண்டனையும் ஒருங்கு பெற்றார் 20 பேர், நலம் கண்டார் 12 பேர். மருந்துக்கடைச் சிறுவன் சீட்டைப் பார்த்து, "அம்மாவுக்குங்களா ஐயா?" என்று மெல்லக் கேட்டான். "எனக்கே, தம்பி" என்றேன். அவன் முகம் போன போக்கை நினைந்து வலியிடையும் சிரித்திருக்கின்றேன். சில திங்கள் கழித்துக் கொல்சிசின் என்பதும் சேர்ந்தது. நம் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள நஞ்சு அதுவேயாம். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் உழவர் அதனைக் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு விதையை அயல்நாட்டிற்கு விற்கின்றனர். முருகவேட்குரிய பூவென்று நாற்பது ஆண்டு மாணாக்கர்க்குப் பாடஞ் சொன்னேன். அதன் விதையில் என் வயிற்றுக்குரியது ஒன்று கிடந்தமை அறிந்திலேன்.

இனி நண்பரின் தடையை அதன் முழுவலிமையொடும் நிறுத்திக் காண்போம். பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் கருவிலேயே அமைந்தன என்பது சிவஞான சித்தியாரின் துணிபு. பிணி அவ்வாறனுள் ஒன்றாய் வெளிப்படையாக எண்ணப்பட்டது. இதன்மேல், திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்திற்கு முகவுரை வகுக்கும் பரிமேலழகர், பழவினையான் வரும் பிணி அவ்வினை கழிந்தாலன்றித் தீராது என்று விலக்கி, ஏனைக் காரணங்களான் வருவனவற்றிற்கே மருந்து கூறப்படுகின்றது என்பர். ஆகவே வினைவழி வந்த பிணிக்கு மருந்துண்டல் வீண். வீணாதலேயன்றி, இறைவன் ஊட்டுவதனை உண்ண மறுத்தலும் ஆம். இதுவே தடை.

பரிமேலழகர் பகுத்தது பொருந்தும் என்றே கொள்வோம். ஒருவன் வயிற்றில் வலி எழுந்தவழி, அது பழவினையான் வந்ததோ பழஞ்சோற்றான் வந்ததோ என்று துணிபவர் யார்? நோயாளி அறியான், மருத்துவன் அறியான், அருகிருந்து சாத்திரம் பேசுவோன் சிறிதும் அறியான். மருந்துண்டு பார்த்துத் தீராதவழியன்றோ அதனைப் பழவினை என்று ஒருவாறு ஊகித்தல் கூடும்? அவ்வழியும், பிறிதொரு மருந்து இனித் தோன்றாதென்று துணிதல் ஆகாது. பிரெட்னிசொலோனுக்கு முன்னோடியாகிய கார்ட்டிசோன் மூட்டழற்சி நோயாளி ஒருவர்க்கு முதன்முதல் ஊசிவழிச் செலுத்தப்பட்டது 1948-இல். அதற்கு முந்தைய ஆண்டில் இந்நோய் எனக்கு வந்திருப்பின் 'தீராப் பழவினை' என்று முடித்திருப்பர். ஓராண்டு எல்லையில் ஒருவனது வினையின் சாதி மாறுமோ? மாறுவது நம் அறிவின் எல்லையே. பரிமேலழகர் உரையை மருந்து கூறும் நூலின் எல்லையை வரையறுத்தற்குக் கொள்க. நோயாளியின் வாயை அடைத்தற்குக் கொள்ளற்க.

சித்தியார் கூறிய ஆறனுள் முதலாவது 'பேறு' என்பதனை நண்பர் விரைந்து கடந்தனர் போலும். பிணி கருவில் அமைந்ததாயின், அப்பிணி நீங்கப் பெறுதலும், நீங்குதற்கு வாயிலான மருத்துவரைப் பெறுதலும் பேற்றின்பாற் படாவோ? வினைப்பயன் வானினின்று தானே வீழ்வதன்று. நெல் பெறுவான் ஊழுடையோனுக்கும் உழுதே நெல் வருகின்றது. உழாது வரப்பில் அமர்ந்து ஊழை நோக்குவானைச் சித்தாந்தி என்பார் யாருமிலர். அன்றியும் அச்சித்தியாரே, இறைவன் இன்பதுன்பங்களை ஊட்டி வினையறுத்தற்கு உவமையாகக் கொண்டது எதனை? சில பிணியை அறுத்தும் கீறியும் தீர்த்து, சிலவற்றைப் பாலும் கட்டியும் கொடுத்துத் தீர்க்கும் மருத்துவனையே. மருத்துவன் செயல் இறைவன் செயலுக்கு மாறாயின், அதனையே இறைவன் செயலுக்கு உவமையாக ஆசிரியர் எடுப்பாரோ? உவமை இழிந்ததாயிற் பொருளும் இழிந்ததாய் முடியும்.

பசியும் பிணியே; மணிமேகலை நூலார் பசிப்பிணி என்றே அதனைப் பலகாலும் வழங்குவர். மடங்கள்தோறும் மாகேசுர பூசை நிகழ்கின்றது. பசித்து வந்தானை நோக்கி, 'இஃது உன் பிராரத்தம், நுகர்ந்து கழிப்பாயாக' என்று அடுக்களையைப் பூட்டும் மடத்தை யான் கண்டதில்லை. இலையிட்டு உண்பித்தலை அறமென்பார், மாத்திரையை மட்டும் வினைக்கு மாறென்பது என்ன நீதி? வைத்தீசுவரன் கோயிலில் வைத்தியநாதப் பெருமான் திருமுன்னரே திருச்சாந்துருண்டை வழங்கப்படுகின்றது. பெருமான் பெயரே வைத்தியன் என்பது. வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு, 15 கட்டில் உடைய ஆதுலர்சாலையையும், அதன்கண் மருத்துவனும் அறுவை செய்வானும் மருந்து கொணர்வாரும் பணிப்பெண்டிரும் அமர்த்தப்பட்டமையையும் கூறுகின்றது. அது திருமால் கோயிலில் உள்ளதேனும், ஊழை உடன்பட்ட நாட்டில் எழுந்ததுதானே.

கண்ணப்ப நாயனார் செய்ததை நோக்குக. திருக்காளத்தியப்பர் கண்ணிற் குருதி சோரக் கண்டவுடன் அவர் தம் கண்ணை இடந்தப்பினாரல்லர். காட்டினுள் ஓடிப் பச்சிலை தேடிக் கொணர்ந்து பிழிந்து வார்த்தார். அது பயன்படாமை கண்ட பின்னரே, ஊனுக்கு ஊன் என்னும் எண்ணம் எழுந்தது. அன்பின் எல்லை கண்ட அப்பெருமானுக்கும் முதற்கண் தோன்றியது மருந்தே. பதறிய அன்பு முதலில் மருந்தைத்தான் தேடும்.

இனி யாவரும் எடுத்துக்காட்டுவது நாவுக்கரசர் பெருமானது சூலை. சூலை வந்தோர் அனைவரும் அதிகை வீரட்டத்தானைப் பாடுதலே அமையும் என்பர். சேக்கிழார் பெருமான் அருளிய வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு வேறு சில புலனாகும். தருமசேனராய்ப் பாடலிபுத்திரத்தில் இருந்தவர்க்குச் சூலை எழுந்தபொழுது, அமணர் தம் மந்திரங்களானும் பீலியானும் முயன்றனர்; அவர் அம்முயற்சிக்கு உடன்பட்டே இருந்தார். மருத்துவம் நாடியது குற்றம் என்று சேக்கிழார் யாண்டும் கூறிற்றிலர். அச்சூலைதானும் எத்தகையது? தம்பியைப் பரசமயக் குழியினின்றும் எடுத்தருள வேண்டுமெனத் திலகவதியார் விண்ணப்பித்தார். அதற்கிரங்கி, சூலை தந்து ஆட்கொள்வோம் என்று பெருமான் கனவில் அருளினார். பின்னரே நோய் எழுந்தது. மீட்சியின் பொருட்டு விடுத்த தூதுவன் அந்நோய். தூதுவன் வந்த காரியம் முடிந்தவழித் தூதுவனும் மீள்வான். ஆதலின் கெடிலக்கரையில் அது நீங்கிற்று. காரணம் அறிந்து தீர்க்கப்பட்ட பிணி அது. நம் வயிற்றில் எழும் வலிக்கெல்லாம் அங்ஙனம் ஒரு கனவு முன்னின்றது என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

அரசர் அப்பதிகத்தில் வலியைப் பொறுத்தமையைப் பாடினாரோ எனின், அன்று. பொறுக்கலாற்றாமையைப் பாடினார், நீக்கியருள வேண்டினார். 'நுகர்ந்து கழிப்பேன், நீ வாளா இரு' என்று இறைவனிடம் கூறிற்றிலர். துன்ப நீக்கம் வேண்டுதல் அடிமைக்கு இழுக்காயின், முதற்பதிகமே இழுக்குடைத்தாய் முடியும். இன்னும் ஒன்று. நள்ளிரவில் வந்து அடியில் வீழ்ந்த தம்பியை நோக்கித் திலகவதியார், 'நீ செய்த பிழையின் பயன் இது' என்றாரில்லை. சொல்லுதற்கு அவரினும் உரிமையுடையார் யார்? அவரோ, இஃது இறைவன் அருள் என்று தேற்றி எழுப்பி, திருநீறு அளித்துத் திருவாயிலினுள் அழைத்துச் சென்றார். இவ்விடத்தை நான் எத்தனையோ மேடைகளில் விரித்துரைத்திருக்கின்றேன். உரைத்தவன் அதனைக் கேட்டிலன் என்பதே இனி யான் சொல்லவேண்டுவது.

1994-இல், கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் பெரியபுராணம் தொடர்ந்து சொல்லிவந்தேன். நாவுக்கரசர் வரலாறு நிகழ்ந்த இரவு கூட்டம் மிகுதி. எனக்கும் அன்று நா நன்கு ஓடிற்று. பலரும் வியந்து பாராட்டினர். கலைந்தபின் நெசவாளர் ஒருவர், நாற்பது வயதிருக்கும், தயங்கி வந்து, "சாமி, எனக்கும் இந்தச் சூலைதானுங்க போல. ஆஸ்பத்திரியில ஆபரேசன் பண்ணோணும்னு சொல்றாங்க. என்ன பண்ணட்டுங்க?" என்றார். யான் அவரைப் பார்த்துக் கூறியது இது: "ஊழைக் கத்தியால் அறுக்க இயலுமா? அதிகைப் பதிகத்தை ஒரு மண்டலம் ஓதி வாருங்கள்." பதிகம் அச்சிட்ட சிறுநூல் ஒன்றும் கையில் அளித்தேன். அவர் அதனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவர் அறுவையை நிறுத்திவிட்டு, நாள் தவறாது நீராடி ஓதினார். முப்பத்தோராம் நாள் குடல் துளைபட்டுச் சீழ் பரந்து, மருத்துவமனை சேர்த்தும் பிழைத்திலர். மூன்று திங்கள் கழித்து அவ்வூர் சென்றபொழுது அவர் மனைவியார் சொல்லக் கேட்டேன். அவ்வம்மையார் என்னைச் சிறிதும் நோவவில்லை. "விதி முடிஞ்சு போச்சுங்க, சாமி" என்றார். அச்சொல்லை யான் விரைந்து பற்றிக்கொண்டேன். ஏறக்குறைய முப்பது ஆண்டு அதன்மேல் தலைவைத்து உறங்கினேன். என் வயிற்றில் வலி வந்தபோதோ, மூன்றாம் நாளே மருத்துவரிடம் ஓடினேன். அவரை நிறுத்திவைத்தது 48 நாளுக்கு.

அவர் சாக்காடு கருவில் அமைந்தது என்றே கொள்வோம். சித்தியாரை மறுக்கப் புகுந்தேனல்லேன். அதனால் என் சொல் தூய்மையுறுமோ? ஒரு செயல் படுவானுக்குப் பிராரத்தமாய் முடியும்போதே செய்வானுக்கு ஆகாமியமாய் முளைக்கும் என்பது நம் சாத்திரத்தின் முதற்பாடம். அங்ஙனம் கொள்ளாக்கால், கொலைஞனும் கொலையுண்டான் வினையைக் காட்டித் தப்புவன். அவர் வினை அவரைச் சார்ந்தது. என் நாவின் வினை என்னைச் சார்ந்தது. அவர்க்குத் தீங்கு கருதினேனல்லேன், மெய். ஆயினும் அன்றிரவு என்னுள் நின்றது இரக்கமும் அன்று. பாராட்டுப் பெற்ற களிப்பு. மருத்துவர் கூறியது யாது என்றும் வினவிற்றிலேன். ஊழ் என்னும் சொல்லைத் தன் நோயை நோக்கி ஒருவன் தானே சொல்லிக்கொள்வானாயின் அது பொறையாய் நிற்கும். மருந்தும் வழியும் முடிந்த இடத்து அஃதன்றி வேறு துணையும் இல்லை. அதனையே பிறன் நோயை நோக்கிச் சொல்லுங்கால், சொல்லுவானைத் தன் கடமையினின்றும் விடுவிக்கும் சூழ்ச்சியாய் மாறிவிடுகின்றது. சொல் ஒன்றே, சொல்லும் இடம் வேறு.

இப்பொழுது வந்த சூலை அதன் பயனோ என்று உறக்கமில்லா இரவுகளில் எண்ணியதுண்டு. பிரெட்னிசொலோன் உண்பார்க்கு அத்தகைய இரவுகள் பலவுள. அதனை அறிதற்கு எனக்கு வழியில்லை. இப்பிறப்பிற் செய்தது இப்பிறப்பிலேயே பயன் தருமோ என்பது தனியே ஆராய்தற்குரியது. அவ்வெண்ணத்துள் ஓர் ஆறுதல் ஒளிந்திருத்தலையும் கண்டுகொண்டேன்: நோயை நுகர்ந்துவிட்டேன், கடன் தீர்ந்தது என்னும் ஆறுதல். நெசவாளர் குடும்பத்திற்கு என் வயிற்றுவலியால் யாது ஊதியம்? ஆகவே அவ்வெண்ணத்தையும் விட்டேன்.

நண்பர்க்கு விடை இவ்வளவே. காலையில் நீறணிந்து ஐந்தெழுத்து ஓதியபின் மாத்திரையை உட்கொள்கின்றேன். மருந்து 40 மில்லிகிராமினின்று இப்பொழுது 7½ அளவிற்குக் குறைந்துள்ளது. எடை 57 ஆயிற்று. முகம் வீங்கிற்று, குருதியிற் சர்க்கரை ஏறிற்று, நோய் நீங்கிற்றிலது, அடங்கியிருக்கின்றது. நாளை அது மீண்டும் எழுமாயின், அன்று இருவினையொப்பு எனக்கு எவ்வளவு கைவந்தது என்பது புலனாகும். இன்று அதைப்பற்றிப் பெருமை பேசுதல் பொருந்தாது.

சென்ற தைத்திங்களில், பயணம் செய்யலாமென்று மருத்துவர் இசைவு தந்தபின், முதற்கண் அக்கொங்கு ஊருக்கே சென்றேன். அம்மையார் இறந்து ஆண்டுகள் சில ஆயின என்றனர். மகனார் விசைத்தறி வைத்து நடத்துகின்றார். தந்தை இறந்தபோது அவர்க்கு ஒன்பது வயது. அன்று யான் கூறியது இன்னது, அதனால் அவர் தந்தையார் அறுவையை நிறுத்தியது இன்னபடி என்று, ஒன்றும் ஒளியாது சொல்லினேன். தறியின் ஓசையிடையே இருமுறை சொல்லவேண்டி இருந்தது. அவர் சிறிது நேரம் பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர், "நீங்க வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிடுறீங்களாங்க?" என்றார். நண்பகல் மாத்திரை அன்று உண்ணப்படாது பையிலேயே கிடந்தது. அவர் தறியை நிறுத்திவிட்டு உள்ளே சென்று ஒரு செம்பில் நீர் கொண்டுவந்து கொடுத்தார்.